புகார் கொடுத்தவனுக்கே முதல் கம்பவுண்ட்

நாய் குரைத்துத் தூங்க முடியவில்லை என்று ஊராட்சி மன்றத்தில் புகார் எழுதிக் கொடுத்தவன் நான். அதில் முதல் கம்பவுண்ட் (மன்றம் எழுதிக் கொடுக்கும் அபராதச் சீட்டு) வாங்கியவனும் நான்தான். பார்க்க வந்த அதிகாரி பக்கத்து வீட்டு ஐந்து நாய்களையும் எண்ணி எழுதிக்கொண்டு திரும்பினார், என் வீட்டு வாசலில் வாலாட்டிக்கொண்டு நின்ற மணியைப் பார்த்தார், "இதற்கு லைசன் எங்கே என்சிக் (ஐயா)?" என்றார். பதினொரு வருசமாக வளர்க்கிற நாய். லைசன் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் எவனும் நாய்க்கு லைசன் எடுத்து நான் பார்த்ததில்லை, அதனால் நானும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மலேசியாவில், வட சிலாங்கூரில் ஒரு தோட்டத்து டவுன் எங்களுடையது. இரண்டு வரிசைக் கடை, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், மற்ற பக்கமெல்லாம் செம்பனை. அப்பா காலத்தில் ரப்பர், பால் வெட்டுக்காரர்கள். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் நாய் உண்டு, யாரும் கட்டிப் போட்டதில்லை. எந்த நாய் எந்த வீட்டில் தின்னும், எந்த வீட்டில் படுக்கும் என்று சொல்ல முடியாது. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) ஆள் எழும்பும்போது நாயும் எழும்பும், அது குரைத்ததால் தூக்கம் போயிற்று என்று ஒருவர் சொன்னால் லயமே சிரித்திருக்கும். அப்புறம் தோட்டம் கைமாறியது, லயத்தை இடித்தார்கள், எங்களுக்கு மலிவு விலை வீடு கிடைத்தது. இருபதடி அகலம், அறுபதடி நீளம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே செங்கல் சுவர். ஆட்கள் வீடு மாறினோம், நாய் வளர்க்கிற பழக்கம் மட்டும் லயத்துப் பழக்கமாகவே இருந்துவிட்டது. சண்டை எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் வெளியாள் இல்லை. அவர் அப்பாவும் என் அப்பாவும் ஒரே தீம்பாரில் (ரப்பர் காட்டில்) பால் வெட்டியவர்கள். மூன்று வருசத்துக்கு முன்னால் அவர் வீட்டில் திருடன் வந்து மோட்டார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து ஒன்று, இரண்டு என்று சேர்த்து ஐந்து நாய். ஐந்தும் முன்வாசலில், ஜிங்க் தகரக் கூரைக்குக் கீழே, ஆளுக்கு ஆறடிச் சங்கிலியில். முகமெல்லாம் ரோட்டைப் பார்த்து.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகளுக்கு அந்த வருசம் எஸ்.பி.எம். பரீட்சை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாராவது மோட்டாரில் வந்தால் ஒன்று ஆரம்பிக்கும், மற்ற நான்கும் சேர்ந்துகொள்ளும், அதைக் கேட்டு அடுத்த லோரோங்கில் (சந்தில்) உள்ளவை பதில் சொல்லும், அந்தப் பதிலுக்கு இவை மறுபடியும். காலை நாலரைக்குச் செம்பனைக் குத்தகைக்காரர் லாரி வங்காளதேசத் தொழிலாளர்களை ஏற்ற வரும், அப்போது இன்னொரு கச்சேரி. மகள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவாள்.

நான் செய்த தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் தப்பு, ராத்திரி ஒரு மணிக்குக் கைலியோடு போய் அவர் கேட்டை ஆட்டிக் கத்தியது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனிதரிடம் தூக்கம் கெட்ட மனிதன் பேசினால் என்ன நடக்கும்? "திருடன் வந்தப்ப நீ எங்கடா இருந்த தம்பி" என்று ஒரே கேள்வி கேட்டார், எனக்குப் பதில் இல்லை. அதற்கப்புறம் அண்ணி என் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு ராத்திரிக்கு நான் கொடுத்த விலை எட்டு மாதம்.

இரண்டாவது தப்பு, போலிஸ். ரிப்போர்ட் எழுதினார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் இது மன்றத்தின் வேலை, அங்கே போங்கள் என்றார்கள். பொதுத் தொல்லை என்பது தண்டனைச் சட்டத்தில் 268ஆம் பிரிவில் இருக்கிறது, 290ஆம் பிரிவில் அதற்குத் தண்டனையும் இருக்கிறது. அதிகபட்சம் 400 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். அதுவும் 'பொது'த் தொல்லை, அதாவது அக்கம்பக்கத்தில் பலருக்கும் பொதுவாக ஏற்படுகிற தொல்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒருவன் தூங்கவில்லை என்றால் அதை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவது சுலபமில்லை. நாய் கடித்தாலோ, கடிக்கிற நாயை உரிமையாளர் கவனமில்லாமல் அவிழ்த்து விட்டாலோ அது வேறு, அதற்கு 289ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும். அதற்குப் போலிஸ்தான் போகவேண்டும். வெறும் குரைப்புக்குப் போனால் ஒரு ரிப்போர்ட் நம்பர் கிடைக்கும், பின்னால் புகாரோடு இணைக்க உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது, நான் செய்யவில்லை, ஆனால் யோசித்தேன், அதை மறைக்க விருப்பமில்லை. தவறணையில் (மதுக்கடையில்) உட்கார்ந்திருந்த ஒருவர், பெயர் வேண்டாம், "களைக்கொல்லி இருக்கேப்பா, இறைச்சித் துண்டுல தடவிப் போடு, விடிஞ்சா சத்தம் இருக்காது" என்றார். தோட்டத்தில் அதெல்லாம் நடந்ததை நான் சின்ன வயசில் பார்த்தவன். நுரை தள்ளிக்கொண்டு சாக்கடை ஓரம் சாக ஒரு நாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றும் பார்த்திருக்கிறேன். அந்த ராத்திரி அவர் சொன்னது என் தலையில் அரைமணி நேரம் ஓடியது. இப்போது சட்டம் எப்படி இருக்கிறது என்று அறிந்தவர்கள் அந்த அரைமணி நேரம்கூட யோசிக்கமாட்டார்கள். விலங்குகள் நலச் சட்டம் 2015, நடைமுறைக்கு வந்தது 2017இல். விஷம் வைப்பது, அடிப்பது, வதைப்பது எல்லாம் அதன் 29ஆம் பிரிவில் வருகிறது. அபராதம் குறைந்தது 20,000 வெள்ளி, கூடியது 100,000, அல்லது மூன்று வருசம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனைச் சட்டம் 428ஆம் பிரிவு தனியாக இருக்கிறது, விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ மூன்று வருசம் வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். தொல்லை கொடுக்கிற நாயின் உரிமையாளருக்கு நூற்றுக்கணக்கில், அந்த நாய்க்கு விஷம் வைத்தவனுக்குக் குறைந்தது இருபதாயிரத்தில். நமக்குக் கோபம் வரும்போது இந்தத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

சரி, உருப்படியாக நடந்தது என்ன?

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பரின் தங்கை ஒரு மன்றத்தில் குமாஸ்தா. எங்கள் மன்றம் இல்லை, வேறு இடம். அவர் போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் வழி காட்டியது. 'காச்சாவ் காங்கு.' தொல்லை என்பதற்கு மலாய்ச் சட்ட வார்த்தை. "அண்ணே, நாய் குரைக்குது, நியாயமா, அநியாயமா என்றெல்லாம் எழுதாதீங்க. காச்சாவ் காங்கு என்று தலைப்புப் போட்டு, எந்த வீடு, எத்தனை நாய், எந்த நேரம், எத்தனை நாள் என்று மட்டும் எழுதுங்க" என்றார். நாலு பக்கம் மனக்குமுறல் எழுதி வைத்திருந்தேன், அதைக் கிழித்துப் போட்டேன்.

உள்ளாட்சிச் சட்டம் 1976 என்று ஒன்று இருக்கிறது, தீபகற்பத்தில் உள்ள மன்றங்களுக்கு அதுதான் தாய்ச் சட்டம். அதில் 81ஆம் பிரிவு எவையெல்லாம் தொல்லை என்று சொல்லும் இடத்தில், தொல்லையாகவோ உடல்நலத்துக்குக் கேடாகவோ வைத்து வளர்க்கப்படும் விலங்கையும் சேர்த்திருக்கிறது. அப்படி இருந்தால் அதை நிறுத்தச் சொல்லி மன்றம் நோட்டிஸ் கொடுக்கலாம், கேட்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். இது ஒரு வழி, மெதுவான வழி.

இன்னொன்று நாய் லைசன் துணைச் சட்டம், மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். பலமான பிடி இதுதான் என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஏனென்றால் குரைப்பு எவ்வளவு, அது தொல்லையா இல்லையா என்பதில் வாதம் பண்ணலாம், ஆனால் ஒரு வீட்டில் எத்தனை நாய் என்பதை ஐந்து வயசுப் பிள்ளையும் எண்ணிவிடும். எங்கள் இடத்தில் ஒரு நாய்க்கு வருசத்துக்குப் பத்து வெள்ளி, தொடர்வீட்டுக்கு இரண்டு நாய்தான், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இருக்கக்கூடாது என்பது லைசன் நிபந்தனைகளில் ஒன்று. சில மன்றங்களில் தொடர்வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்தும் கேட்பார்கள். துணைச் சட்டங்களை மீறினால் தாய்ச் சட்டத்தின்படி கோர்ட் 2,000 வெள்ளி வரை அபராதமோ ஒரு வருசம் வரை சிறையோ இரண்டுமோ போடலாம், தொடர்ந்து மீறினால் ஒரு நாளைக்கு 200 வெள்ளி வரை. நடைமுறையில் கோர்ட்டுக்கு முன்னால் கம்பவுண்ட் வரும், அதைக் கட்டினால் முடிந்தது.

புகாருக்கு முன்னால் ஒரு கணக்குப் புத்தகம் போட்டேன். மகளின் பழைய பள்ளி நோட்டு, பின்பக்கத்திலிருந்து. பதினான்கு ராத்திரி. உதாரணத்துக்கு ஒரு நாள் இப்படி இருக்கும்: '12.40 முதல் 1.25 வரை, ஐந்தும், காரணம் மோட்டார். 3.10, ஒன்று மட்டும், நாலு நிமிடம், பூனை. 4.30 முதல் 4.50, லாரி.' முதல் மூன்று நாள் கோபத்தில் எழுதினேன். நாலாவது நாளிலிருந்து எனக்கே ஒன்று புரிய ஆரம்பித்தது. ராத்திரி முழுக்கக் குரைக்கிறது, ராத்திரி முழுக்கக் குரைக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது உண்மையில்லை. மழை பெய்த ராத்திரி ஒரு சத்தமில்லை. ரோட்டில் எதுவும் போகாத நேரம் சத்தமில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஏதோ ஒன்று போனால்தான். இது பின்னால் உதவியது. போனில் பதிவும் செய்தேன், மணி தெரியும்படி சுவர்க் கடிகாரத்தை முதலில் காட்டி, என் படுக்கையறைக்குள் இருந்து. அடுத்தவர் வாசலில் போய் நின்று பிடிக்காதீர்கள், நீங்கள் போனதால்தான் குரைத்தது என்பார்கள். சொன்னார்கள்.

அப்புறம் கையெழுத்து. எதிர்வீட்டு மாக் சிக் (மலாய்க்கார அம்மா) உடனே போட்டார், பாவம், சுபுஹுத் தொழுகைக்கு எழும்புகிறவர், இத்தனை நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். "நான் சொன்னால் நாய் விசயம் இல்லை, இன விசயம் என்று ஆகிவிடும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கோடிவீட்டுச் சீன ஆப்பேக் (பெரியவர்) போடமாட்டேன் என்றார், அவரிடமும் ஒரு நாய், லைசன் இல்லை. என்னைவிட விவரமானவர். மூன்றாவது கையெழுத்து பின்லோரோங்கில் கிடைத்தது.

புகாரை மன்றத்தின் இணையப் பக்கத்தில் பதிந்தேன், கூடவே நேரில் ஒரு கடிதம், நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்துக் கவுன்ட்டரில் போய் எண்ணைச் சொல்லிக் கேட்டேன். மூன்றாவது வாரம் அதிகாரி வந்தார். பக்கத்து அண்ணன், "ரெண்டுதான் என் நாய், மத்ததெல்லாம் தெருநாய், சும்மா சோறு போடுறேன்" என்றார். அதிகாரி சிரித்துக்கொண்டே, தெருநாய்க்குச் சங்கிலி வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்டார். அதற்கப்புறம்தான் மணியைப் பார்த்தார்.

என் கம்பவுண்ட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக் கட்டினேன், அன்றைக்கே லைசனும் எடுத்தேன். அடையாளக் கார்டு, நாயின் படம், தடுப்பூசிக் கார்டு கொண்டுபோனேன். ஒரு தகட்டுப் பட்டை கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டியதும் மணி அதைப் பல்லால் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. புகார் கொடுக்கப் போகிறவர்கள் தங்கள் வாசலை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அவமானம் பணத்தில் இல்லை. அண்ணன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பதினான்கு நாள் கெடு. மூன்று நாய்களை வேறு இடத்துக்கு அனுப்பவேண்டும், இரண்டுக்கு லைசன் எடுக்கவேண்டும், இல்லையென்றால் பிடித்துப் போவோம் என்றார்கள். பிடித்துப் போன நாயை யாரும் மீட்க வராவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரியும் குரைத்தன. நான் தூங்கவில்லை, ஆனால் சத்தத்தால் இல்லை. களைக்கொல்லியை வேண்டாம் என்று ஒதுக்கினேனே, இப்போது அதே வேலையை முத்திரை குத்திய கடிதத்தால் செய்கிறேனா என்று ஒரு யோசனை.

மறுநாள் சாயங்காலம் போனேன். கேட்டை ஆட்டவில்லை. கையில் நோட்டுப் புத்தகம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அண்ணிதான் உள்ளே வரச் சொன்னார், தேத்தண்ணி வைத்தார். நோட்டைக் காட்டினேன். அண்ணன் வாசிக்க வாசிக்க, "இது என்ன, பூனைக்குக்கூட மணி போட்டிருக்க" என்றார். அங்கேதான் கொஞ்சம் இளகியது. நாய்க்கு ரோடு தெரியாவிட்டால் பாதி குரைப்பு இருக்காது அண்ணே, பின்பக்கம் மாற்றுங்கள், முன்கேட்டில் பாதி உயரத்துக்கு ஜிங்க் அடித்துவிடலாம், நான் அடித்துத் தருகிறேன் என்றேன். "திருடன் முன்னாலதானே வருவான்" என்றார். நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் குரைக்கிற நாயைத் திருடன் வந்தபோது யார் எழுந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் அண்ணி சொன்னார், "நாங்களே எழும்புறதில்ல தம்பி."

ஆறடிச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டி வைப்பது பற்றியும் சொன்னேன். விலங்குகள் நலச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வளர்ப்பவருக்கு உள்ள கடமைகளைச் சொல்கிறது. தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ள வழி. அதை மிரட்டலாகச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், மிரட்டலாகத்தான் வந்தது போலிருக்கிறது, அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்று நாய்களில் ஒன்று அவர் மச்சானின் செம்பனைத் துண்டுக்குப் போனது. ஒன்றை, கையெழுத்துப் போட மறுத்த அதே ஆப்பேக், தன் மகனின் காய்கறித் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். மூன்றாவது நாயை எடுக்க ஆளில்லை, கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது என் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பண்ணைக்கென்று வாங்கிக்கொண்டார், அதை நான்தான் காடியில் (காரில்) கொண்டுபோய் விட்டேன், வழி முழுக்க வாந்தி.

இந்த ஏற்பாடு சரிவரவில்லை என்றால் அடுத்து எங்கே போயிருப்பேன்? ருக்குன் தெத்தாங்காவிடம், அதாவது அக்கம்பக்கத்தார் சங்கத்திடம். ஒற்றுமைத் துறை பயிற்சி கொடுத்த சமூக நடுவர்கள் இருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. உண்மையில் முதலிலேயே அங்கே போயிருக்கவேண்டும். கேட்டை ஆட்டிய ராத்திரிக்குப் பதிலாக. அதுவும் ஆகாவிட்டால் சிவில் வழக்கு, தனியார் தொல்லை என்ற அடிப்படையில். நஷ்டஈடு மட்டும் போதும், தொகை 5,000 வெள்ளிக்குள் என்றால் வக்கீல் இல்லாமல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை போடலாம். ஆனால் நமக்கு வேண்டியது காசு இல்லை, சத்தம் நிற்கவேண்டும், அதற்குத் தடையுத்தரவு கேட்கவேண்டும், வக்கீல் வேண்டும், செலவு வேறு கணக்கு. அப்போதும் தொடர்ந்து, நியாயமான அளவுக்கு மேல் இருந்தது என்று நிரூபிக்க அதே நோட்டுப் புத்தகம்தான் வேண்டும். எனக்குத் தூக்கம் லேசு என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. என் தங்கை சுங்கை பூலோ பக்கம் ஃபிளாட்டில் இருக்கிறாள், அங்கே ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகள் 2015 பொருந்தும். மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்கும் விலங்கை வைத்திருக்கக்கூடாது, நிர்வாகம் எழுத்தில் நோட்டிஸ் கொடுத்தால் மூன்று நாளில் அப்புறப்படுத்தவேண்டும். மன்றத்துக்குப் போகுமுன் நிர்வாக அலுவலகத்துக்கு எழுதவேண்டும்.

இப்போது பக்கத்து வீட்டில் இரண்டு நாய், பின்பக்கம், கழுத்தில் பட்டை. ஜிங்க்கை நானும் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தோம், கோணலாகத்தான் வந்தது. நாலரை மணி லாரிக்கு இன்னும் ஒன்று மட்டும் குரைக்கிறது, இரண்டு நிமிடம், அப்புறம் படுத்துவிடும். ஜனவரியில் லைசன் புதுப்பிக்க இருவரும் ஒரே காடியில் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் நாயின் நிறம் கேட்க, அண்ணன் எனக்காக "மணி செவலை" என்றார். எட்டு மாதத்தில் அவர் மணியின் பெயரைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு ரொட்டிக்காரர் ஹாரன் அடித்தால் அவர் நாய் இரண்டும் என் மணியும் சேர்ந்து தெருவே அதிரக் குரைக்கும். அதை நோட்டில் யாரும் எழுதுவதில்லை, மாக் சிக் வாசலில் வந்து நின்று ரொட்டி வாங்குவார்.